காதுக்குள் 'ஞொய்' என்று சத்தமா?



சென்ற இதழில் ரத்தசோகை பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் கூட்டங்களில் பல பேர் சந்தேகம் கேட்டீர்கள். அப்போது ஒரு தறிப்பட்டறைப் பகுதிக் குழுவில், ரத்தசோகையை விட்டுவிட்டு ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி வேறொன்று கேட்டார். "மேடம், காதுக்குள்ள ஞொய்யுன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. ராத்திரி படுத்தா இன்னும் சாஸ்தி. இதுக்கு என்னங்க பண்றது?"

அவர் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்தில் இருந்த இரண்டு பேர் "எனக்கும் அப்படித்தானுங்க" என்றார்கள். ஒருவருக்குச் சில்வண்டு கத்துவது போல. ஒருவருக்குக் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் 'உஸ்ஸ்' என்று வருமே, அதுபோல. இன்னொருவருக்கு, சங்கைக் காதில் வைத்தால் கேட்கிற சத்தம். அவர் நான்கு வருடமாக வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லையாம். "சொன்னா கிறுக்குப் புடிச்சிருச்சும்பாங்க. அதான் வாயைத் திறக்கலைங்க" என்றார். ஒரே குழுவில் வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து சேமிப்புப் பணம் கட்டுகிறவர்கள், இத்தனை நாளும் ஒருவருக்கொருவர் தெரியாமலே இந்தக் கஷ்டத்தை வைத்திருந்திருக்கிறார்கள்!

அதனால் இந்த இதழில் இதைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

இது என்ன சத்தம்?

வெளியில் எந்தச் சத்தமும் இல்லாதபோது நம் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ கேட்கிற இந்தச் சத்தத்தைக் காது இரைச்சல் என்கிறோம். டாக்டர்கள் டின்னிடஸ் என்பார்கள். இது தனியாக ஒரு நோய் அல்ல. காய்ச்சல் எப்படி ஒரு அறிகுறியோ அதுபோல இதுவும் ஒரு அறிகுறிதான். பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கும். செய்வினையும் இல்லை, பேயும் இல்லை, கிறுக்கும் இல்லை.

எவ்வளவு பேருக்கு இது இருக்கிறது தெரியுமா? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2022-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி பெரியவர்களில் 100 பேருக்குச் சுமார் 14 பேர் இதை அனுபவித்திருக்கிறார்கள். அதில் 2 பேருக்குத்தான் வாழ்க்கையையே பாதிக்கிற அளவுக்குக் கடுமையாக இருக்கிறது. அப்படியானால் 20 பேர் உள்ள நம் குழுவில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இங்கே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். 'ஞொய்', 'உஸ்', 'கீச்' என்று வெறும் சத்தம் கேட்பது வேறு. யாரோ பேசுவது போல, திட்டுவது போல, நம்மைப் பற்றிக் குசுகுசுவென்று சொல்வது போல வார்த்தைகள் கேட்பது வேறு. அப்படி வார்த்தை கேட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது, அதிலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

காதின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிர் போன்ற நுனி உள்ள செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. வெளியே வருகிற சத்தத்துக்கு ஏற்ப இந்த நுனிகள் ஆடும். அந்த ஆட்டம்தான் நரம்பு வழியாக மூளைக்குப் போய், "இது மாட்டுச் சத்தம், இது பிள்ளை அழுகிற சத்தம்" என்று நமக்குத் தெரிகிறது.

பெரிய சத்தத்தில் இந்தச் செல்கள் அடிபடும். நாற்று நட்ட வயலில் ஒரு நாள் ஒருத்தர் தெரியாமல் நடந்துவிட்டால், மடிந்த பயிர் இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும். தினமும் அதே இடத்தில் நடந்தால்? பயிர் போய் ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். காதிலும் அப்படித்தான். திருவிழாவில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் காது அடைத்து 'ஞொய்' என்று இருந்து காலையில் சரியாகிவிடுகிறது. தினமும் அதே சத்தம் என்றால் செல்கள் செத்துப்போகும். மனிதருக்கு இந்தச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

செல்கள் குறைந்ததும் மூளைக்கு வர வேண்டிய சத்தம் குறைகிறது. மூளை சும்மா இருக்காது. ரேடியோவில் நிலையம் சரியாக எடுக்காதபோது நாம் என்ன செய்வோம்? சத்தத்தைக் கூட்டி வைப்போம். பாட்டு வராது, 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் பெரிதாக வரும். மூளையும் இதைத்தான் செய்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் இரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது காது மந்தமும் இருக்கிறது. பல பேருக்கு அது தெரிவதே இல்லை. "என்ன சொன்னே?" என்று இரண்டு தடவை கேட்பது, டி.வி. சத்தத்தை அதிகம் வைப்பது, நாலு பேர் பேசுகிற இடத்தில் எதுவும் புரியாமல் போவது எல்லாம் அதன் அடையாளங்கள். வயதானவர்களுக்கு இது இயற்கையாகவே வரும். மாமியாருக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கோபப்படுகிறவர்கள் இதையும் நினைத்துப் பாருங்கள்.

தறிக்குப் போகிற நம் உறுப்பினர்களுக்கு

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனவர்களுக்கு விசைத்தறிச் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளப்பார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல். நாடா ஓடுகிற பழைய தறிகள் வரிசையாக இருக்கும் பட்டறைக்குள் 90-க்கு மேல், சில இடங்களில் 100 வரைகூடப் போகும்.

60-க்கும் 90-க்கும் வித்தியாசம் 30 தானே என்று நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கு நம் வரவு செலவுக் கணக்கு போல இல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்காகிறது. தொழில் சுகாதார வல்லுநர்கள் சொல்வது இது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். 88 என்றால் 4 மணி நேரம்தான். 91 என்றால் 2 மணி நேரம். 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு மேல் இருந்தால் காதுக்குக் கேடு. நம்மில் எத்தனை பேர் ஷிப்டுக்கு 12 மணி நேரம் நிற்கிறோம்? தறி ஓட்டாமல் அதே பட்டறைக்குள் உட்கார்ந்து தார் சுற்றுகிறவர்களும் அதே சத்தத்தில்தான் இருக்கிறார்கள். "நான் தறி ஓட்டலையே" என்று காதுக்குத் தெரியாது.

டெசிபல் அளக்க மெஷின் எதற்கு? ஒரு கை எட்டுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்றால், அந்த இடத்துச் சத்தம் காதுக்கு ஆகாதது. அவ்வளவுதான் கணக்கு. நெல் அரவை மில், கல் உடைக்கும் இடம், மர அறுவை மில், நூற்பாலை எல்லாவற்றுக்கும் இதையே வைத்துப் பாருங்கள்.

வேலையை விட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் காதை மூடலாம். பஞ்சு வைத்துக்கொள்கிறோம் என்று பல பேர் சொன்னார்கள். பஞ்சு சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது, வைத்திருக்கிறோம் என்ற ஆறுதல்தான் மிச்சம். நுரைப்பஞ்சில் செய்த காதடைப்பான் என்று ஒன்று விற்கிறது, ஒரு ஜோடி சில பத்து ரூபாய்தான். அதை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, காதின் மேல் பகுதியை மறு கையால் மேலேயும் பின்னாலும் இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து, அரை நிமிடம் விரலால் அழுத்தியபடி இருந்தால் அது விரிந்து காதை அடைத்துக்கொள்ளும். சும்மா வாசலில் சொருகி வைத்தால் பயன் இல்லை. கை சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்கானால் மாற்ற வேண்டும். காதில் சீழ் வடிகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. காதுக்கு மேல் மாட்டுகிற மூடி வகையும் உண்டு, ஆனால் வெயில் காலத்தில் பட்டறைக்குள் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது கஷ்டம் என்கிறார்கள். நியாயம்தான்.

"காதை அடைச்சா நூல் அறுந்தா தெரியாதே, முதலாளி திட்டுவாரே" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். காதடைப்பான் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிடாது, குறைக்கத்தான் செய்யும். முதல் ஒரு வாரம் புதிதாக இருக்கும், பிறகு தறியின் ஓசை மாறுவது அதற்குள்ளும் தெரியும்.

வேறு காரணங்கள்

எல்லாவற்றுக்கும் சத்தத்தையே குற்றம் சொல்ல முடியாது. காதுக் குறும்பி நிறையச் சேர்ந்து அடைத்துக்கொண்டாலும் இரைச்சல் வரும். இது சுலபமாகச் சரி செய்யக்கூடியது, டாக்டரிடம் போனால் எடுத்துவிடுவார். நாமே கொண்டை ஊசி, ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு, பட்ஸ் என்று எதையாவது விட்டுக் குடைவதால்தான் குறும்பி இன்னும் உள்ளே போய் அடைக்கிறது. சில சமயம் செவிப்பறையே கிழிந்துவிடுகிறது. சந்தையில் காது குடைந்து விடுகிறவரிடமும் போக வேண்டாம், எத்தனை பேர் காதில் விட்ட கம்பியோ அது! பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு இவையும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றுகிறது நேராக உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும்.

காதில் சீழ் வடிவதை "சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அதனாலும் காது மந்தமும் இரைச்சலும் வரும். ரத்த அழுத்தம், தைராய்டு, சர்க்கரை, தாடை மூட்டு வலி, கழுத்துப் பிடிப்பு இவற்றோடும் சில பேருக்கு இரைச்சல் வருகிறது.

ரத்தசோகைக்கும் இதற்கும்கூடச் சம்பந்தம் இருக்கிறது. ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கும். அந்த ஓட்டம் காதுக்குள் 'தப் தப்' என்று, அல்லது 'உஷ் உஷ்' என்று, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே இரைச்சல் உள்ளவர்கள் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

மருந்துகளாலும் வரலாம். ஆஸ்பிரின் மாத்திரையை அதிக அளவில் எடுப்பது, ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள், சில புற்றுநோய் மருந்துகள் காதைப் பாதிக்கும். தலைவலி, கை கால் வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி நாள் தவறாமல் விழுங்குகிறவர்கள் நம்மில் நிறைய இருக்கிறோம். அதை நிறுத்துங்கள். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த காசநோய், புற்றுநோய், பிரஷர் மருந்துகளை நாமாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது. "இந்த மருந்து ஆரம்பிச்சதுக்கப்புறம் காதுல சத்தம் கேக்குது" என்று அவரிடமே சொல்ல வேண்டும். அவர் மாற்றிக் கொடுப்பார்.

தள்ளிப் போடக் கூடாத சமயங்கள்

திடீரென்று ஒரு காது கேட்காமல் போய்விட்டால் அன்றைக்கே, அல்லது அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "சளி புடிச்சிருக்கும், ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். முதல் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தால் கேட்கும் சக்தி திரும்ப வாய்ப்பு உண்டு, வாரக்கணக்கில் விட்டால் அது கை நழுவிவிடும். இரைச்சலோடு முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டால், வீடே சுற்றுவது போலத் தலைசுற்றினால், தலையில் அடிபட்ட பிறகு இரைச்சல் வந்தால் அப்போதும் உடனே போக வேண்டும். ஒரு காதில் மட்டும் தொடர்ந்து இருப்பதையும், நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்பதையும் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருப்பார். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். அவர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்ப்பார். பிறகு சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, காதில் கருவி மாட்டி, சத்தம் கேட்கும்போது பட்டனை அமுக்கச் சொல்வார்கள். வலி எதுவும் கிடையாது. போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் காது, எப்போதிலிருந்து, என்ன வேலை, எத்தனை வருடம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் டாக்டரைப் பார்த்ததும் பாதி மறந்துபோகும், எல்லோருக்கும் அப்படித்தான்.

கடன் கேட்டு வந்த ஒரு விண்ணப்பம்

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஒரு குழுவில் ஒரு உறுப்பினர் 18,000 ரூபாய் உள்கடன் கேட்டார். காரணம், மருத்துவச் செலவு. விசாரித்தபோது, பக்கத்து டவுனில் ஒரு இடத்தில் "45 நாளில் காது இரைச்சல் அடியோடு நிற்கும்" என்று சொல்லி மருந்து கொடுக்கிறார்களாம். மூன்று தவணையில் பணம் கட்டணுமாம். அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் ஏற்கெனவே 6,000 கொடுத்து முடிந்திருந்தது. அது வட்டிக்கு வாங்கின பணம்.

குழுவில் பெரிய பேச்சாகிவிட்டது. "அவங்க சேமிப்பு, அவங்க கடன், நாம எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றார் ஒருவர். ஊக்குநர் ஒரு யோசனை சொன்னார். "கடன் உனக்கு உண்டு அக்கா. முதல்ல பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வந்துரு. நானும் கூட வர்றேன். அங்க அந்த மருந்து சரிதான்னு சொன்னா அடுத்த கூட்டத்துலயே பணம் தர்றோம்."

இரண்டு பேரும் போனார்கள். காதில் குறும்பி இருந்தது, எடுத்தார்கள். அடைப்பு விலகியது, இரைச்சல் போகவில்லை. பரிசோதனையில், பதினாறு வருடம் தறியில் இருந்ததால் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. "இந்த இரைச்சலை முழுசா நிறுத்துற மாத்திரை எதுவும் இல்லம்மா. ஆனா அதோட நிம்மதியா இருக்க வழி இருக்கு" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த உறுப்பினர் அன்று பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வந்தாராம். இல்லை என்று ஒருவர் நேராகச் சொன்னதைக் கேட்பது கஷ்டம்தான். ஆனால் 18,000 ரூபாய் கட்டிவிட்டு 45-வது நாள் அழுவதைவிட இது மேல் என்பது எங்கள் எண்ணம்.

டாக்டர் சொன்னது உண்மை. காரணம் குறும்பியோ ரத்தசோகையோ என்றால் அதைச் சரி செய்ததும் இரைச்சல் போய்விடலாம். உள்காது செல்கள் போனதால் வந்த இரைச்சலை அடியோடு நிறுத்துகிற மாத்திரை, ஊசி, எண்ணெய் எதுவும் இன்று வரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஜின்கோ என்ற இலை மாத்திரையை விலை அதிகம் சொல்லி விற்பார்கள். ஆய்வுகளில் அதனால் பயன் தெரியவில்லை. "கியாரண்டி" என்ற வார்த்தையை யார் சொன்னாலும் பணப்பையை இறுக்கிப் பிடியுங்கள்.

பிறகு எப்படிச் சமாளிப்பது?

தறி ஓடுகிற தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இராத்திரி முழுக்கத் 'தடக் தடக்' சத்தத்தில் நன்றாகத் தூங்குவார்கள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழித்துக்கொள்வார்கள்! சத்தம் அதேதான், "இதனால் ஆபத்து இல்லை" என்று மூளை முடிவு செய்து அதை ஒதுக்கி வைத்துவிடுகிறது. காதுக்குள் இருக்கும் இரைச்சலையும் மூளை அப்படி ஒதுக்கப் பழகும். சில மாதங்கள் ஆகும். பயந்து பயந்து "இப்பக் கேக்குதா, கூடியிருக்கா" என்று கவனித்துக்கொண்டே இருந்தால் மட்டும் பழகாது.

பழகுவதற்கு உதவி செய்யலாம். முழு அமைதி வேண்டாம். இராத்திரி எல்லாச் சத்தமும் அடங்கியதும்தான் இரைச்சல் பெரிதாகத் தெரியும். பேன் ஓடட்டும். ரேடியோவிலோ போனிலோ மழைச் சத்தம், பாட்டு ஏதாவது மெதுவாக வையுங்கள். இரைச்சலை முழுக்க மறைக்கிற அளவுக்கு வேண்டாம், அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் போதும். இயர்போனைக் காதில் செருகிச் சத்தமாகக் கேட்பது இருக்கிற செல்லையும் கெடுத்துவிடும். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ குடித்தால் தூக்கம் வராதவர்கள் அதை விடுங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் இரைச்சல் தொல்லை கூடும்.

காது மந்தமும் சேர்ந்து இருப்பவர்களுக்குக் காதொலிக் கருவி போட்டால் வெளிச் சத்தம் நன்றாகக் கேட்கும். இரைச்சலும் பல பேருக்கு அடங்கித் தெரியும். காது கேளாமைக்கான மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறத் தகுதி உள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. கடையில் வாங்குவதற்கு முன் அங்கே ஒரு முறை விசாரியுங்கள்.

மனது ரொம்பவும் சோர்ந்துபோனால், "இந்தச் சத்தத்தோட இருக்கறதுக்குச் செத்துடலாம்" என்ற எண்ணம் வந்தால், அதை மறைக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்கும் 104-க்கும் போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இரைச்சலைப் பற்றிய பயத்தையும் கவலையையும் பேசிப் பேசிக் குறைக்கிற மனநல ஆலோசனை முறை ஒன்று இருக்கிறது. இரைச்சலுக்காகச் செய்யப்படும் சிகிச்சைகளில் நன்றாகப் பலன் தருவதாக ஆய்வுகளில் தெரிந்தது அதுதான். ஆகவே டாக்டர் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னால், "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரு" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

முன்பு சொன்ன உறுப்பினர் இப்போதும் தறிக்குத்தான் போகிறார், காதடைப்பான் வைத்துக்கொண்டு. இரைச்சல் இருக்கிறது. "இருக்குதுங்க, ஆனா பேன் போட்டுட்டுப் படுத்தா தூங்கிருவேன். முன்ன மாதிரி பயம் இல்லைங்க" என்கிறார். வட்டிக்கு வாங்கின 6,000-க்கு மட்டும் குழுவில் உள்கடன் எடுத்து அடைத்துவிட்டார்.

அடுத்த மாதக் கிளஸ்டர் கூட்டங்களுக்கு மாதிரிக் காதடைப்பான்கள் எடுத்து வருகிறோம், எப்படிப் போடுவது என்று செய்து காட்டுவோம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆகவே தறி, மில், கல் உடைக்கும் வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் எத்தனை பேர் என்பதை ஊக்குநர்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, 20-ஆம் தேதிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும். அதே வீட்டில் வேலைக்குப் போகும் ஆண்களையும் மகள்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.